ராத்திரி தைத்ததைக் காலையில் பிரித்தேன்!



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, "உழைக்கிறவர்களுக்கு நேரம் காலம் கிடையாது. பெரிய கம்பெனி முதலாளிகளே வாரத்துக்கு 70 மணி, 90 மணி என்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்கிறவர்கள் முன்னுக்கு வர முடியாது" என்று எழுதியிருந்தார். படித்தபோது நானே எழுதியது போல இருந்தது. போன வருஷம் மே மாதம் வரை நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை எப்படிப் போயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சகோதரி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு 37 வயது. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பிறந்த ஊர் குலசேகரம் பக்கம், வாழ்க்கைப்பட்டது பூதப்பாண்டி பக்கம். என் வீட்டுக்காரர் நாகர்கோவிலில் ஒரு கடையில் சேல்ஸ்மேன். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. மாமியார் எங்களுடன்தான் இருக்கிறார். வீட்டிலேயே ஒரு தையல் மெஷின் வைத்து அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு யூனிபார்ம் தைக்கும் வேலை நிறைய வரும். போன வருஷம் மே மாதம் ஒரு கடைக்காரர் வெட்டிய துணியாகக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார். பெண் பிள்ளைகளின் பிளீட் வைத்த பாவாடை. பாவாடைக்கு இவ்வளவு என்று கூலி. மகளின் டியூஷன் பணம், மாமியாரின் கண் ஆபரேஷனுக்கு வாங்கிய கடன் எல்லாவற்றையும் இந்த ஒரு மாதத்தில் அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

பகலில் வீட்டு வேலை போக 6 மணி நேரம் மெஷினில் உட்கார முடிந்தது. 9 பாவாடை முடியும். ராத்திரியும் உட்கார்ந்தால் கூடுதலாக வருமே என்று, எல்லாரும் சாப்பிட்டதும் ஒன்பதரை மணிக்கு மெஷினைத் திறப்பேன். பன்னிரண்டரை வரை தைப்பேன். காலையில் ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. பகலில் 9, ராத்திரியில் 4, ஆக மொத்தம் 13. சமையலறையில் தொங்கும் காலண்டரில் தினமும் எண்ணிக்கையை எழுதி வைப்பேன். அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம்.

இரண்டாவது வாரம் பகல் கணக்கு 8 ஆனது. மூன்றாவது வாரம் 7. உட்கார்ந்த நேரம் அதே 6 மணிதான். ஆனால் பாபின் நூல் தீர்ந்தது தெரியாமல் நாலு விரற்கடை ஓட்டுவது, ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை முயல்வது, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு எதற்கு எழுந்தோம் என்று நிற்பது என்று நேரம் போயிற்று. ராத்திரி 4 தைத்தது 3 ஆனது. அந்த மூன்றிலும் ஒன்று கோணலாகப் போயிருக்கும். காலையில் வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். அதைப் பிரித்து, துணி கிழியாமல் நூலை எடுத்து, மறுபடி தைக்க ஒரு மணி நேரம் ஆகும். புதிதாகத் தைப்பதைவிடப் பிரித்துத் தைப்பதற்குத்தான் நேரம் அதிகம் என்று தையல் தெரிந்த எல்லாச் சகோதரிகளுக்கும் தெரியும்.

ஒரு நாள் காலண்டர் முன்னால் நின்று கூட்டிப் பார்த்தேன். பகலில் 7, ராத்திரி 3, பிரிக்க வேண்டியது 1. உருப்படியாகக் கிடைத்தது 9! பகலில் மட்டும் உட்கார்ந்தபோதும் இதே 9தான். தினமும் மூன்று மணி நேரத் தூக்கத்தைக் கொடுத்து நான் வாங்கியது ஒன்றுமே இல்லை.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மே மாதக் கடைசியில் ஒரு கட்டு முழுவதும் திரும்பி வந்தது. 12 பாவாடையிலும் பிளீட் மடிப்பை எதிர்ப்பக்கமாக மடித்திருக்கிறேன். எந்த ராத்திரி தைத்தேன் என்றுகூட நினைவில்லை. கூலியும் போயிற்று, வீணான துணிக்கும் பிடித்துக்கொண்டார்கள். தப்பு என்னுடையது, நான் யாரைக் குறை சொல்ல?

அதற்கடுத்த அடிதான் பெரிது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தும் தையல் முடிந்தபாடில்லை. பத்து நாள் கழித்து மகளின் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "வீட்டுல என்னம்மா பிரச்சினை? பிள்ளை கிளாஸ்ல உக்காந்து தூங்குதே" என்றார். எனக்குப் பகீரென்றது. வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "பாத்திரம் கழுவி, மாவாட்டி முடிக்க பதினொண்ணு ஆகுதும்மா. பொறவுதான் ஹோம்வொர்க்" என்றாள். நான் மெஷினில் உட்கார்ந்த மூன்று மணி நேரத்தில் வீட்டு வேலையை யார் செய்கிறார்கள் என்று ஒரு நாள்கூட நான் யோசிக்கவில்லை. மெஷின் சத்தத்தில் அவள் பாத்திரம் கழுவும் சத்தம் என் காதில் விழவே இல்லை.

அன்று ராத்திரி மெஷினைத் திறக்கவில்லை. தூக்கமும் வரவில்லை. என் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

அம்மா இருபது வருஷத்துக்கு மேல் அண்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். வெளியூர்ச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன், முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையை எங்கள் ஊர்ப்பக்கம் அப்படித்தான் சொல்வோம். எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இந்த ஆலைகள் நிறைய. வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். உடைக்க, தோல் உரிக்க, தரம் பிரிக்க என்று தனித்தனியே ஆட்கள் இருப்பார்கள். அம்மா உடைக்கிற பகுதி. ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையைப் பொள்ள வைக்கும், அதனால் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பாள். கூலி எடைக் கணக்கில். முழுப் பருப்புக்கு ஒரு மதிப்பு, உடைந்ததற்கு வேறு மதிப்பு.

மறுநாள் அம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அம்மா சொன்னாள்: "மக்ளே, மத்தியானம் வரைக்கும் பருப்பு முழுசு முழுசா விழும். மூணு மணிக்கு மேல கை சொன்னபடி கேக்காது. எல்லாம் பொடிஞ்சு பொடிஞ்சுதான் விழும். இது எனக்கு அப்பவே தெரியுமாக்கும். உனக்கு இப்பத்தான் தெரியுதா?"

என் அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டுகிற வேலை. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நாலு மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். வெயில் ஏறும் முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். சூரியன் மேலே வந்துவிட்டால் ஓட்டம் குறைந்துவிடும். பகல் முழுக்க நின்று வெட்டினாலும் அந்தப் பால் கிடைக்காது. இன்னொன்றும் உண்டு. ஒரே மரத்தைத் தினமும் வெட்ட மாட்டார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாளோ, மூன்று நாளுக்கு ஒரு முறையோதான் வெட்டுவார்கள். பட்டையில் மருந்து தடவி வாரத்துக்கு ஒரே முறை வெட்டும் முறையைக்கூட ரப்பர் வாரியம் இப்போது சொல்லித் தருகிறது. பேராசைப்பட்டு அடிக்கடி வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றே போகும். மரத்துக்குக் கொடுக்கிற ஓய்வை மனுஷிக்குக் கொடுக்க வேண்டாமா?

என் கொழுந்தனாரின் மகள் நாகர்கோவிலில் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறாள். என் காலண்டர் கணக்கை அவளிடம் காட்டினேன். "சித்தி, நீங்க எழுதியிருக்கிறதைத்தான் எங்க பாடத்தில உற்பத்தித் திறன்னு சொல்றாங்க" என்று சிரித்தாள். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு உருப்படியான வேலை நடக்கிறது என்பதுதான் அது. நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் அந்த அளவு இறங்கிவிடும் என்றாள்.

அவள் சொன்ன ஒரு விஷயம் என்னை உலுக்கிவிட்டது. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் பீரங்கிக் குண்டு செய்யும் ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்த்தார்கள். போர் அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமைகூட வேலை வாங்கினார்கள். 1915-ல் அங்கே அரசாங்கம் ஒரு குழு அமைத்து, யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், எவ்வளவு செய்து முடித்தார்கள் என்று குறித்து வைத்தது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜான் பென்கேவல் 2014-ல் அந்தப் பழைய கணக்கை எடுத்து மறுபடி ஆராய்ந்தார். வாரத்துக்கு 49 மணி நேரம் வரை, நேரம் கூடக்கூட அதே அளவில் வேலையும் கூடியிருக்கிறது. அதற்கு மேல் கூடுவது குறைந்துகொண்டே போகிறது. வாரம் 70 மணி நேரம் வேலை செய்தவர்கள் முடித்ததற்கும் 56 மணி நேரம் செய்தவர்கள் முடித்ததற்கும் பெரிய வித்தியாசமே இல்லையாம். மிச்சம் 14 மணி நேரம் வீண்! ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுக்காத வாரங்களில் வேலை இன்னும் மோசம். நூறு வருஷத்துக்கு முன் யாரோ முகம் தெரியாத வெள்ளைக்காரப் பெண்களுக்கு நடந்ததும், என் காலண்டரில் இருப்பதும் ஒன்றாக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உடம்புக்கு வரும் கேட்டையும் சொல்ல வேண்டும். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிட 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து சொல்லியிருக்கின்றன.

எட்டு மணி நேர வேலை என்பது சும்மா வந்ததில்லை. 1923 மே 1-ம் தேதி சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதல் மே தினத்தைக் கொண்டாடினார். ஆலைகளில் வாரம் 54 மணி நேரம் என்று இருந்தது 1946-ல் 48 ஆனது. அதற்கு முன் 1942 முதல் தொழிலாளர் துறையைக் கவனித்து அதற்குப் பாடுபட்டவர் டாக்டர் அம்பேத்கர்.

அந்த முதல் மே தினத்துக்குச் சரியாக நூறு வருஷம் ஆன 2023-ல், ஏப்ரல் 21-ம் தேதி, ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் சட்டத் திருத்தம் நம் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பி மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றுதான் இருக்கிறது.

அந்த 12 மணி நேரத்துக்கு அப்போது ஒரு சமாதானம் சொன்னார்கள். வாரத்துக்கு அதே 48 மணிதான், நாலு நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் வீட்டில் இருக்கலாமே என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆலையில் 12 மணி நேரம், பஸ்ஸில் 2 மணி நேரம் போக வீட்டுக்கு வரும் ஒரு பெண்ணுக்கு அடுப்பும் பாத்திரமும் காத்துக்கொண்டிருக்குமே! சமையலறைக்கு நாலு நாள் வாரம் உண்டா? அந்த மூன்று நாள் லீவில் அவள் துவைத்துப் போடவே சரியாக இருக்கும்.

2023 அக்டோபரில் இன்போசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி நிறுவனத் தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் பேசிய வீடியோ வெளிவந்தது. வாரம் 90 மணி நேரம் உழைக்க வேண்டும், வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அவர்கள் படித்தவர்கள், பெரிய நிறுவனங்களை வளர்த்தவர்கள். ஆனாலும் ஒரு குடும்பத் தலைவியாக எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஒருவர் 90 மணி நேரம் ஆபீஸில் இருக்க வேண்டுமானால், அவருக்குச் சோறு ஆக்கி, சட்டை துவைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, வயசான தாய் தகப்பனுக்கு மாத்திரை கொடுக்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவருடைய மணி நேரத்தை யார் கணக்கில் எழுதினார்கள்?

2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதை எழுதியிருக்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்களில் வீட்டு வேலை செய்கிறவர்கள் செலவிடுவது 88 நிமிடம். அதாவது நமக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவர்களுக்கு ஒன்றரை மணி. பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனிக்கும் நேரம் இதில் சேராது, அது தனி.

இதற்குப் பதில் சொல்பவர்கள் உண்டு. என் மாமியாரே சொன்னார்: "நாங்க அம்மியில அரைச்சோம், உரல்ல குத்தினோம். மணி பாத்தா செஞ்சோம்?" உண்மைதான். ஆனால் அதே மாமியார்தான் ராத்திரி முழங்காலில் தைலம் தேய்க்கச் சொல்லிப் படுக்கிறார். அந்த மணிகளுக்கெல்லாம் அவர் முழங்கால்தான் கூலி கொடுத்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் சொன்னது வேறு. அவர் காலை ஒன்பதரைக்குக் கடைக்குப் போனால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் கிளம்புவார். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் நம் மாநிலத்தில் சட்டம் வந்தபோது எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம், அவ்வளவு கால் வலி அவருக்கு. அவர் சொன்னார்: "ஏழு மணிக்கு மேல எந்தச் சரக்கு எந்த அலமாரியிலன்னு எனக்கே மறந்து போவுது. பில்லுல தப்பு வாறதும் அப்பத்தான். ஆனா நேரம் பாத்தா முதலாளி வேற ஆள வச்சிடுவாரே?"

இதுதான் நியாயமான கேள்வி. பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவளிடம் போய் நேரத்தைக் குறை என்றால், அன்றைய கஞ்சிக்கு அவள் என்ன செய்வாள்? என் அம்மா மூன்று மணிக்கு மேலும் கை வலிக்க உடைத்தது ஆசையால் இல்லை. கிலோவுக்குக் கொடுத்த கூலி போதாததால். ஆகவே நான் சொல்வது, நேரத்தை மட்டும் குறைத்தால் போதாது, எட்டு மணி நேரம் ஒழுங்காக வேலை செய்தால் குடும்பம் நடக்கும்படி ரேட் இருக்க வேண்டும். பேரம் பேசும்போது "இன்னும் ரெண்டு கட்டு கொடுங்க, ராத்திரி உக்காந்து முடிச்சிடுதேன்" என்று நாம் கெஞ்சுகிறோம். "பாவாடைக்கு ரெண்டு ரூபா கூட்டிக் கொடுங்க, ஒண்ணுகூடத் திரும்பி வராது" என்று கேட்கப் பழக வேண்டும். முதலாளிக்கும் அதில் நஷ்டம் இல்லை. திரும்பி வந்த அந்த 12 பாவாடைகளால் எனக்கு மட்டுமா நஷ்டம்? வெட்டிய துணியும் போயிற்று, கடைக்காரரின் பேச்சும் போயிற்று.

நான் இப்போது ஒன்பது மணிக்கு மேல் மெஷினைத் தொடுவதில்லை, துணியைப் போட்டு மூடிவிடுவேன். சமையலறையும் அதே ஒன்பது மணிக்கு மூடல். என் வீட்டுக்காரர் வந்து தன் தட்டைத் தானே கழுவி வைக்கிறார். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், பிறகு பழகிவிட்டது. மாவாட்டுவது இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், அப்பாவும் மகனும் சேர்ந்து. மகள் ஒன்பதே முக்காலுக்குப் படித்து முடித்துப் படுக்கிறாள். டீச்சர் அதன்பிறகு கூப்பிடவில்லை.

வருமானம்? உண்மையைச் சொல்கிறேன். கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. ஆனால் மெஷினில் பகல் 9 என்பது மறுபடி 9 ஆகிவிட்டது. பிரித்துத் தைக்கிற வேலை அநேகமாக இல்லை. இந்த வருஷம் சீசனுக்குக் கடைக்காரரிடம் கட்டைக் குறைத்துக் கேட்டேன், ரேட்டைக் கூட்டிக் கேட்டேன். ரேட்டில் பாதிதான் கூட்டினார். கட்டு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

சகோதரிகளே, "அவ ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டா" என்று நம்மைப் பாராட்டும்போது நாம் பெருமைப்படுகிறோம். நானும் பெருமைப்பட்டவள்தான். அந்தப் பெருமைக்கு என் மகளின் தூக்கம் போயிற்று. உங்கள் வீட்டில் அடுப்பை எத்தனை மணிக்கு மூடுகிறீர்கள்? அதற்குப் பிறகு யார் வேலை செய்கிறார்கள்? ஒரு வாரம் காலண்டரில் குறித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு இந்தப் பகுதிக்கு எழுதுங்கள்.

– ஒரு வாசகி,
பூதப்பாண்டி, கன்னியாகுமரி மாவட்டம்.